மொட்டுக்குள் சாம்பல் பூசணம்: என் பல்கனிக் கஞ்சாச் செடி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 ஒக்ரோபரில் இருந்து ஒரு வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வரை வளர்க்கலாம். ஸ்காபரோவில் எங்கள் மாடிவீட்டுப் பல்கனியில் இரண்டு வைத்தேன். கட்டட விதியை முதலே கேட்டுக்கொண்டேன்.

ஓகஸ்ட்டில் பூவிட்டது. செப்ரெம்பர் நடுவில் மூன்று நாள் விடாத மழை. அப்புறம் பார்த்தால், கொழுத்த பூங்கொத்து ஒன்றில் ஒரேயொரு குட்டி இலை மட்டும் பழுத்து நின்றது. மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. கொத்தைப் பிரித்தால் உள்ளே தண்டு பழுப்பாகக் குழைந்து, சாம்பல் தூசி படிந்து, காயாத துணியின் வாடை. பொட்ரைட்டிஸ் என்ற பூசணம்தான்.

மருந்தடிக்க மனமில்லை. பூவில் அடித்தது பூவிலேயே தங்கும். பழுதுக்குக் கீழே இரண்டு விரல் அளவு நல்ல தண்டையும் சேர்த்து வெட்டி, பையில் கட்டி எறிந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்தேன். உள்பக்க இலைகளைக் கிள்ளி, தொட்டிகளைக் கூரைக்குக் கீழே தள்ளித் தள்ளி வைத்து, சின்ன மின்விசிறியை இரவு முழுக்க ஓடவிட்டேன். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் மண்ணுக்கு. பின்னேரம் ஊற்றுவது அம்மாவிடம் பழகியது. இந்தக் குளிருக்குச் சரிவராது.

பிறகு இரண்டு சின்னக் கொத்துதான் போனது. மிச்சத்தை ஒக்ரோபர் முதல் வாரம் வெட்டினேன்.