முதுகுவலியோடு டைவ் அடிக்கிறவர்கள் ஈயத்தில் செய்யும் தவறுகள்

நீலாங்கரை, கோவளம் பக்கம் கிளம்பும் டைவிங் படகுகளில் இதே காட்சிதான்: புதிதாக வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, முங்குவதற்காகக் கட்டும் பெல்ட்டில் இன்னொரு ஈயக்கட்டியைக் கோப்பார். டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. டிஸ்க் விலகியவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

"இருக்கட்டும், இன்னும் ரெண்டு கிலோ"

எரிச்சல் இதில்தான். நீச்சல்குளத்தில் 3 கிலோ போதுமாக இருந்தவருக்குக் கடலில் கூடுதல் ஈயம் தேவை, சரி. கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். ஆளும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்றால் 2.5 கிலோ கூட்டினால் முடிந்தது. ஆனால் உடம்பு முங்கவில்லை என்றதும் 8, 9 கிலோ வரை போய்விடுகிறார்கள். பதற்றத்தில் நெஞ்சில் அடக்கி வைத்திருக்கும் மூச்சுதான் அவரை மிதக்க வைக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கூடுதலான ஒவ்வொரு கிலோவுக்கும் பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்யக் காற்று ஊதும் மேலங்கி) ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்று அடைக்க வேண்டும். காற்று தோள்பக்கம் ஏறிக்கொள்ளும், ஈயம் இடுப்பை இழுக்கும். உடம்பு சாய்ந்து நிற்கும். முன்னால் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தினால் கீழ்முதுகு வில்லாக வளையும். அப்படியே 40 நிமிடம் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடித்தால் நல்ல முதுகே தாங்காது.

அளவு பார்க்கும் முறை: டைவ் முடிவில் சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மிச்சமிருக்க, 5 மீட்டர் ஆழத்தில், பிசிடியைக் காலி செய்தும் நிலையாக நிற்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு மேற்பரப்பில் பார்த்தால், பிசிடி காலியாக, சாதாரண மூச்சில் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்கட்டும். அதன்மேல் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் காற்றே சுமார் 2.5 கிலோ, அது தீரத் தீர சிலிண்டர் மிதக்கத் தொடங்கும்.

எல்லாம் பெல்ட்டிலேயே

6 கிலோ தேவை என்றால் பிசிடியின் முன்பைகளில் 2, 2. சிலிண்டர் பட்டையின் மேற்பகுதியில் 1, 1. பெல்ட்தான் இருக்கிறது என்றால் கட்டிகள் விலாப்பக்கமாக வரட்டும், முதுகெலும்பின்மேல் ஒன்றுகூட வேண்டாம். வலிக்குப் பயந்து மொத்தத்தையும் சிலிண்டர் பட்டைக்கு மாற்றுவதும் தவறு: ஆபத்தில் கழற்றிவிட முடியாது.

கணுக்காலில் ஈயம்

வேண்டாம்.

செட்டோடு ஏணி ஏறுவது

சிலிண்டர், பிசிடி, ஈயம் எல்லாம் சேர்ந்தால் 25 கிலோ. தண்ணீரிலேயே பிசிடியை ஊதி, முதலில் ஈயத்தை மேலே கொடுங்கள், பிறகு செட், கடைசியில் நீங்கள். கிளம்பும்போதே படகுக்காரரிடம் "அண்ணே, செட்டைத் தண்ணியிலயே கழட்டித் தர்றேன்" என்று சொல்லிவைத்தால் அவசரத்தில் யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

மரத்துப்போன கால்

எந்தக் கால், எந்த விரல் ஏற்கெனவே மரத்திருக்கிறது என்று இறங்குமுன் உடன் வருபவரிடம் சொல்லுங்கள். மேலே வந்தபின் புதிதாக ஓர் இடம் மரத்தால் அழுத்தநீக்க நோயாக (மேலே வரும்போது உடம்பில் வாயுக் குமிழிகள் உருவாவதால் வருவது) இருக்கலாம். பழைய நரம்புவலிதான் என்று படகில் படுத்துவிடாமல் உடனே ஆக்சிஜன் கேளுங்கள்.