பழைய பிலிம் கேமராவில் ஷட்டர் மக்கர் பண்ணினால் செய்யக் கூடாதவை

பரணில் கிடந்த அப்பாவின் கேமராவை இறக்கி, தூசி தட்டி, பட்டனை அழுத்துகிறோம். 'டக்' சத்தம் வரவில்லை என்றால் அடுத்த நிமிஷமே கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஷட்டர், அதாவது பிலிமுக்கு வெளிச்சம் விட்டு மூடுகிற கதவு, போச்சு என்று சொல்லப்படுகிற கேமராக்களில் பல, ஷட்டர் நன்றாக இருக்கிறவைதான்.

கேனான் ஏஇ-1-ல் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தால் ஷட்டர் அசையவே அசையாது. யாஷிகா எலக்ட்ரோ 35-ல் பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடும், ஆனால் எல்லாப் படமும் 1/500 நொடி வேகத்தில்தான் விழும். பென்டாக்ஸ் கே1000-க்குப் பேட்டரி வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான், அதில் ஷட்டர் நின்றுபோனால் பேட்டரி மாற்றிப் பிரயோஜனமில்லை. நிக்கான் எஃப்எம்2-ல் பிலிமை நகர்த்துகிற வைண்டிங் லீவர் பாடியோடு ஒட்டி மடங்கியிருந்தால் பட்டன் பூட்டிக்கொள்ளும், லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு அழுத்திப் பாருங்கள்.

ரோல் கழுவி வந்தது, ஒரு படம்கூட இல்லை என்றாலும் பழி ஷட்டர் மேல்தான் விழுகிறது. நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். கம்பெனி அச்சடித்த எண்கள் பளிச்சென்று தெரிந்து, நடுவில் மட்டும் வெறும் கண்ணாடி போல இருந்தால், கழுவினதில் கோளாறு இல்லை. பெரும்பாலும் பிலிமின் நுனி, அதைச் சுற்றிக்கொள்கிற ஸ்பூலில் மாட்டவே இல்லை, காலி கேமராவைத்தான் வைண்ட் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அடுத்த ரோல் போட்டு லீவரைத் தள்ளும்போது இடது பக்க ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும். பிளாஷ் போட்ட படத்தில் பாதி கறுப்பா? துணி ஷட்டர் கேமராக்களில் பலவற்றுக்கு பிளாஷோடு ஒத்துப்போகிற அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/60-தான், 1/250-ல் வைத்தால் பாதி கறுக்கத்தான் செய்யும்.

லீவர் நடுவழியில் நின்றுவிட்டால் பலம் காட்ட வேண்டாம். ரோல் முடிந்திருக்கலாம். இழுத்தால் பிலிம் ஓட்டைகள் கிழியும், இல்லை உள்ளே பல்சக்கரம் போகும்.

இனி எண்ணெய். வீட்டில் தையல் மிஷின் எண்ணெய் இருக்கிறது, வண்டிக்கு அடிக்கிற டபிள்யூடி-40 இருக்கிறது, ஒரு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். யாஷிகா மேட் மாதிரி லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள கேமராக்களில் அந்த மெல்லிய இதழ்கள் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். துளி எண்ணெய் பட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லைட்டர் பெட்ரோலை ஊற்றினால் அன்றைக்கு டக்டக்கென்று ஓடும். ஆனால் அது பழைய கிரீஸைக் கரைத்து இதழ்மேல் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகிவிடும், சில நாளில் பழைய கதைதான், சில சமயம் அதைவிட மோசம். நம்ம ஊர் மே மாத வெயிலில் காருக்குள் கேமராவை விட்டுவிட்டுப் போனாலும் இதே கதிதான், கிரீஸ் இளகித் தானாகவே வழியும்.

வெயில் இன்னொரு வேலையும் செய்யும். ஃபெட், ஜோர்க்கி போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே மறைக்கிற முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது, லென்ஸ் வழியாக வருகிற சூரியன் நேரே ஷட்டர் துணிமேல் குவிந்து பொட்டு ஓட்டை போட்டுவிடும். மூடி போடாமல் கழுத்தில் தொங்கவிட்டு மாசி வீதிகளைச் சுற்ற வேண்டாம். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் டார்ச் அடித்துப் பின்பக்கமிருந்து பார்த்தால் ஓட்டை நட்சத்திரம் மாதிரி தெரியும். அப்புறம், ஜோர்க்கி 4-ல் வைண்ட் பண்ணாமல் ஸ்பீட் டயலைத் திருப்பாதீர்கள், உள்ளே உடையும்.

அலங்காநல்லூர் புழுதி படிந்து வந்த கேமராவுக்குப் பஞ்சர் கடையில் காற்றடிப்பது படுமோசமான யோசனை, ஷட்டர் தகடு அந்த அழுத்தத்தில் மடங்கிப்போகும். கையால் அழுத்துகிற ரப்பர் ஊதி போதும், அதுவும் தள்ளி நின்று. அழகர் ஆற்றில் இறங்கும்போது பீய்ச்சுகிற தண்ணீர் பட்டிருந்தால் பேட்டரியையும் லென்ஸையும் கழற்றித் துடைத்து, நிழலில் ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

ஷட்டர்தான் கெட்டது என்று நிச்சயம் பண்ண காசே ஆகாது. பிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான சுவரைப் பார்த்து வைத்து, செல்போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். 1/30-க்கு ஏறத்தாழ 8 ஃபிரேமில் வெளிச்சம் தெரிய வேண்டும், 1 நொடிக்கு 240. மெதுவான வேகங்கள் மட்டும் இழுத்தால் அந்தப் பல்சக்கரங்களில் கிரீஸ் இறுகியிருக்கிறது, 1/60-க்கு மேல் தாராளமாகப் படம் எடுக்கலாம். 1/500 என்பது 1/350 ஆக ஓடினால் வெளிச்சத்தில் அரை ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), நெகட்டிவ் பிலிம் அதைக் கண்டுகொள்ளாது. அதற்காகக் கேமராவைப் பிரிப்பது வீண் வேலை.

ரிப்பேர்காரரிடம் கொடுக்கும்போது 'ஓடலை' என்று மட்டும் சொல்லாமல், எந்த ஸ்பீடில் நிற்கிறது, லீவர் எதுவரை வருகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் மறைக்க வேண்டாம், திறந்தவுடன் வாசனையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.