கருவி இல்லாமல் ஒரு ஐரிஷ் பாட்டு: எப்படிக் கற்பது

ஷான் நோஸ் என்பது ஐரிஷ் மொழியின் பழைய பாணிப் பாட்டு. கருவி கிடையாது, தாளம் கிடையாது, ஒரே குரல்தான். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு எனக்குப் பிடித்த பித்து இது. இங்குள்ள பாட்டுக் கூட்டங்களில் ஒரு பாட்டாவது பாட ஆசைப்படுபவர்களுக்கு, நான் கற்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரே பாடகரைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் ஆள் ஜோ ஹீனி. 1919இல் கால்வேக்கு மேற்கே உள்ள கானமாரா பகுதியில், கார்னா பக்கம் பிறந்தவர். பிழைப்புக்காக பிரிட்டன் போய், அப்புறம் நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலராக நின்றவர். கடைசிக் காலத்தில் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தார். 1984இல் அங்கேயே இறந்தார். அவருடைய ஒலிப்பதிவுகளை அந்தப் பல்கலைக்கழகம் பாதுகாத்து வருகிறது. அவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே காரணம்: பாட்டுக்கு முன்னால் அதன் கதையையும் சொல்வார்.

அந்தக் கதையிலிருந்துதான் நீங்களும் தொடங்க வேண்டும். ‘மூன்று மரியாள்களின் புலம்பல்’ என்று அவர் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். என் அன்பு மகனைப் பார்த்தாயா என்று இயேசுவின் தாய் மரியாள் அவருடைய சீடர் பேதுருவிடம் கேட்கிறாள். பார்த்தேன், பகைவர் நடுவில் இருந்தார் என்கிறார் அவர். நான் சுமந்த பிள்ளையா இது என்று அவள் அரற்றுகிறாள். வரிக்கு வரி ‘ஓஹோன்’ என்ற அதே புலம்பல் திரும்ப வருவதால் மூச்சு வாங்க இடம் கிடைக்கும், அடுத்த வரியை நினைத்துக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். அது தடுமாறினால் மெட்டுக்குப் போகாதீர்கள்.

அடுத்து சொற்கள். ஐரிஷ் எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படித்தால் வாய் கோணும், காதை நம்புங்கள். ஒரு வரி கேட்டு, நிறுத்தி, மெட்டில்லாமல் பேச்சாகச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் எழுதி வைப்பதை நான் விரும்புவதில்லை, பாதி ஒலி அதில் உட்காராது. ஐரிஷ் தெரிந்த ஒருவர் ஒருமுறையாவது திருத்திக் கொடுத்தால் நல்லது.

சரி, மெட்டு. விருத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சுலபம்: சொல்லின் போக்கில் நீட்டலாம், குறைக்கலாம். சத்தத்தைக் கூட்டிக் குறைத்து உருக்கம் காட்ட வேண்டாம், குரலை நடுக்க வேண்டாம். துக்கம் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. ல, ம, ன, ர ஒலிகளில் கொஞ்சம் தங்கலாம். ஹீனியின் சின்னச் சின்ன சங்கதிகளை அப்படியே காப்பியடிக்காதீர்கள். நல்ல பாடகர் அவற்றைச் சரணத்துக்குச் சரணம் மாற்றுவார். முதலில் வெறும் மெட்டையே பாடுங்கள், நெளிவுகள் தானாக வரும். தம்புரா செயலியை அணைத்துவிடுங்கள். எந்தச் சுருதி என்று குழப்பமாக இருந்தால், பாட்டின் மிக உயர்ந்த வரியை முதலில் பாடிப் பார்த்து, அது சிரமமில்லாமல் எட்டும் இடத்தில் தொடங்குங்கள். நான் பாத்திரம் கழுவும்போது பழகுகிறேன், குழாயை மூடிவிட்டு.

கூட்டத்தில் உங்கள் முறை வந்தால், கதையை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நடுவில் ஒருவர் ஐரிஷில் உற்சாகமாக ஏதாவது சொல்லலாம், பக்கத்தில் இருப்பவர் உங்கள் கையைப் பிடித்து மெதுவாகச் சுழற்றவும் செய்யலாம். பதறிக் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள், இங்கே அது வழக்கம். சிலர் கடைசி வரியைப் பாடாமல் பேச்சாகவே சொல்லி முடிப்பார்கள்.

அறையில் இருக்கும் ஒருவரின் பாட்டு என்று எல்லோருக்கும் தெரிந்ததை அவருக்கு முன்னால் எடுக்காதீர்கள். மற்றவர் பாடும்போது செல்போனில் பதிவு செய்ய வேண்டுமானால், பாட்டு தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.