பாரிஸுக்குக் குடிவந்தவர்கள் நல்ல ரொட்டிக்கடை பிடிப்பது எப்படி?

வீடு கிடைத்து, வங்கிக் கணக்கும் மெட்ரோ அட்டையும் கைக்கு வந்தாயிற்றா? அடுத்த வேலை ரொட்டிக்கடை பார்ப்பது. 'பாரிஸின் தலைசிறந்த பத்துக் கடைகள்' மாதிரி பட்டியல்களை இப்போதைக்கு மூடி வையுங்கள். அன்றாடம் வாங்கப்போகிற சாமான் இது. நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் கடைகளில் எது தேறும் என்று கண்டுபிடிப்பதுதான் காரியம். பிரெஞ்சு நாலு வார்த்தை தெரிந்தால் போதும்.

படி 1: பெயர்ப்பலகையைப் படியுங்கள்

'பூலான்ஜ்ரி', அதாவது ரொட்டிக்கடை, என்று யார் வேண்டுமானாலும் வாசலில் எழுதிவிட முடியாது. 1998-இல் வந்த சட்டப்படி, மாவு பிசைவது, புளிக்கவிடுவது, வடிவம் பிடிப்பது, சுடுவது எல்லாம் விற்கிற இடத்திலேயே நடக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் மாவையோ ரொட்டியையோ உறைய வைக்கக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து உறைந்து வந்ததை அடுப்பில் மட்டும் காட்டி விற்பவர்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. 'டெப்போ த பான்' என்று பலகை இருந்தால், ரொட்டி வேறெங்கோ செய்யப்பட்டு அங்கே விற்பனைக்கு மட்டும் வருகிறது என்று அர்த்தம்.

சட்டத்தில் ஒரு சந்தும் உண்டு. இந்தக் கட்டுப்பாடு ரொட்டிக்கு மட்டும்தான். குரோசானை (பிறை வடிவ வெண்ணெய்ப் பலகாரம்) உறைந்த நிலையில் வாங்கிச் சுட்டு விற்றாலும் பலகையில் 'பூலான்ஜ்ரி' இருக்கலாம். எனவே கண்ணாடிக்குள் பளபளக்கும் குரோசானைப் பார்த்துக் கடைக்கு மார்க் போடாதீர்கள். எல்லாமே அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

படி 2: எல்லாக் கடையிலும் ஒரே சாமானை வாங்குங்கள்

ஒரு கடையில் சாக்லேட் ரொட்டி, இன்னொன்றில் பழ டார்ட் என்று வாங்கினால் ஒப்பிட முடியாது. வாங்க வேண்டியது 'பகெத் த்ரடிசியோன்'. பகெத் என்பது கோல்போல் நீண்ட ரொட்டி, இது அதில் பழைய முறைப்படி செய்தது. சாதாரண பகெத்தைவிடக் கொஞ்சம் விலை கூடுதல். 1993-ஆம் ஆண்டின் அரசாணை இதற்கு வரையறை வைத்திருக்கிறது: கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது தாய்மாவு (ஈஸ்டுக்குப் பதில் சேர்க்கும், தானாகப் புளித்த மாவு). ரசாயனச் சேர்மானம் கூடாது, உறைய வைக்கவும் கூடாது. ஒளிந்துகொள்ள இடமில்லாத ரொட்டி இது. கைப்பக்குவம் இருந்தால் தெரிந்துவிடும், இல்லாவிட்டாலும் தெரிந்துவிடும்.

படி 3: கேட்கிற விதம்

உள்ளே போனதும் முதலில் 'பொன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேராக ரொட்டியைக் கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அப்புறம், 'யூன் த்ரடிசியோன், சில் வூ ப்ளே'. நன்றாகச் சிவந்தது வேண்டுமென்றால் 'பியன் குயித்', வெளிறியது வேண்டுமென்றால் 'பா த்ரோ குயித்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் வெளிறியதையே கேட்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு ஒரு தடவை சிவந்ததை வாங்கிப் பாருங்கள், ருசி முழுக்க அந்தத் தோலில்தான் இருக்கிறது. தனியாக இருப்பவர்கள் 'யூன் தெமி' என்று பாதி கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், சின்னத் தொகைக்குக் கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன.

படி 4: வீட்டுக்கு வந்து சோதனை

முதலில் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருந்தால் ஓட்டைத் தட்டில் சுட்டது. அதுவே குற்றமில்லை, ஆனால் தொழிற்சாலைச் சரக்கில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அடி தட்டையாக, மாவுப்பொடி ஒட்டி இருந்தால் அடுப்பின் தளத்திலேயே நேராக வைத்துச் சுட்டது.

அடுத்து மேல்புறம். பிளேடால் கீறிய இடங்கள் உதடு பிரிந்ததுபோல் எழும்பி, ஓரம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நடுவில் ஒடித்துப் பாருங்கள். தோல் சடசடவென்று உடைந்து மேசையெல்லாம் சிதறும். உள்ளே வெள்ளைவெளேர் என்று இருந்தால் எனக்குப் பிடிக்காது, இளம் மஞ்சள் கலந்த பாலாடை நிறம் வேண்டும். மாவை வேகமாக, நெடுநேரம் மெஷினில் அடித்தால் காற்றுபட்டு அந்த நிறம் போய்விடும், வாசனையும் கூடவே போகும். ஓட்டைகள் பெரிதும் சிறிதுமாக ஒழுங்கில்லாமல் இருப்பது நல்லது. பஞ்சுபோல ஒரே சீராக இருந்தால் மாவு போதுமான நேரம் ஊறவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வெண்ணெய், ஜாம் எதுவும் இல்லாமல் ஒரு துண்டை மெல்லுங்கள். லேசான இனிப்பும், தாய்மாவு சேர்த்ததாக இருந்தால் மெலிந்த புளிப்பும் தெரியும். உப்பு மட்டும்தான் தெரிகிறது என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.

படி 5: நேரமும் விடுமுறையும்

பெரும்பாலான கடைகளுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அதனால் இரண்டாவதாக ஒரு கடையும் கைவசம் இருக்கட்டும். ஆகஸ்டில் பல கடைக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கதவில் ஒட்டியிருக்கும் தாளில் திறக்கும் தேதி இருக்கும். சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களுக்காக மறுபடி சுடும் கடைகள் உண்டு. எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இனிமேல் மெட்ரோ ஏறலாம்

வீட்டருகே ஒரு கடை அமைந்தபின் ஊர் சுற்றுங்கள். பாரிஸ் நகராட்சி 1994 முதல் பகெத் போட்டி நடத்துகிறது. வெல்பவர் ஓராண்டு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். 2023-இல் வென்றவர் இலங்கையில் பிறந்த தமிழர், தர்ஷன் செல்வராஜா. 20-ஆம் வட்டாரத்தில், பிரெனே தெருவில் இருக்கும் 'ஓ லெவான் தே பிரெனே' கடையில் சுட்ட ரொட்டிக்குத்தான் அந்தப் பரிசு. 1932-இல் ஷெர்ஷ்-மிதி தெருவில் தொடங்கிய புவாலான் கடை வேறு ரகம்: கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடையுள்ள வட்ட ரொட்டி, தாய்மாவில் செய்தது. கால் பாகமாக வெட்டியும் தருவார்கள்.

மிஞ்சினால்?

பகெத் அன்றைக்கே தீர வேண்டியது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் மாவுச்சத்து இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். வாங்கிய அன்றே துண்டாக்கி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது மேலே தண்ணீர் தெளித்து, சூடான ஓவனில் நாலைந்து நிமிடம் வைத்தால் தோல் மறுபடி மொறுமொறுப்பாகும். தாய்மாவு போட்ட பெரிய ரொட்டிக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். வெட்டிய பக்கத்தைப் பலகைமேல் கவிழ்த்து, துணி போட்டு மூடினால் நாலு நாள் தாங்கும்.