நமக்கு நாமே திட்டத்தில் ஒரு தெருப் பூங்கா: முதலில் புல எண், பிறகு பணம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு நகராட்சி வார்டு. 64 வீடுகள். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் ஆறு ஆண்டுகளாகச் செயலாளர். கருவேல முள்ளும் கட்டட இடிபாடுமாகக் கிடந்த தெருக்கோடி இடம் இன்று பூங்காவாக இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் கேட்டு வாங்கினோம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது: "இடம் யார் பெயரில் இருக்கிறது?"

திட்டத்தின் கணக்கு எளிது. பொதுவாக, மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும். 1997-98இல் வந்த திட்டம். 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது. 2021இல் பழைய பெயரோடு நகரத்துக்கும் கிராமத்துக்கும் திரும்ப வந்தது. அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, நூலகம், தெருவிளக்கு, சிறுபாலம், பூங்கா என்று பலவற்றைக் கேட்கலாம். ஆனால் தனியார் இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

இங்கேதான் பலரும் விழுகிறார்கள். "மனைப்பிரிவு போட்டபோதே பூங்காவுக்கு விட்ட இடம் இது" என்று தெருவே சொல்லும். அலுவலகத்தில் அந்தப் பேச்சு செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை முதலில் வாங்குங்கள். அதில் உங்கள் இடம் பூங்கா என்றோ பொது ஒதுக்கீடு என்றோ குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, மனை போட்டவர் அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாரா என்று பாருங்கள். புல எண்ணை, அதாவது சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில், அந்த இடத்துக்குப் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்தால் தெரியும். எந்தப் புல எண் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் இடத்துக்குத் தானப் பத்திரம் 1994இல் பதிவாகியிருந்தது. அப்போது இது ஊராட்சி. வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் பழைய நிலக்காரர் பெயரே நின்றது. அதை மாற்ற நான்கு மாதம் நடந்தோம். பிறகு நில அளவையர் சங்கிலியோடு வந்தார். மூன்று எல்லைக்கற்கள் கிடைத்துவிட்டன. வடகிழக்குக் கல்லைக் காணவில்லை. அளந்து காட்டிய இடத்தில் இடிபாட்டை மண்வெட்டியால் தள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது, தலையில் வெட்டிய குறியோடு கல் தெரிந்தது. பக்கத்து மனைக்காரர் அதுவரை தன் வேலி சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று மனதார நம்பியிருந்தார். கல்லைப் பார்த்ததும் மறுநாளே ஆள் வைத்து வேலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆவணத்துக்கு முன் வழக்கு இல்லை, வாக்குவாதம் இல்லை. அதனால்தான் இந்த வேலையை முதலில் முடியுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது தீர்மானம். சங்கக் கூட்டத்தில் ஒன்று போடுங்கள்; வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்திலும் கோரிக்கையாக வையுங்கள். கிராமமாக இருந்தால் கிராம சபை. தனி மனிதரும் பங்குத் தொகை கட்டலாம், சங்கம் கட்டாயமில்லை. ஆனாலும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சங்கம் இருந்தால், அதன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கும், கணக்குக் காட்ட வழி இருக்கும்.

இப்போது பணம். நாங்கள் செய்த தவறு இது: மதிப்பீடு வருவதற்கு முன்பே வசூலுக்குப் போனோம். மூன்று லட்சத்து அறுபதாயிரத்தில் முடியும் என்று தெரிந்த மேஸ்திரி சொன்னார்; அதை நம்பி 1,20,000 ரூபாய் திரட்டினோம். பொறியாளர் போட்ட மதிப்பீடு வரியும் சேர்த்து 4,80,000. எங்கள் பங்கு 1,60,000 ஆகிவிட்டது. நாற்பதாயிரம் ரூபாய்க்காக அதே கதவுகளை மறுபடி தட்ட வேண்டியிருந்தது. ஆகவே மனுவைக் கொடுத்து, பொறியாளரை இடத்துக்கு அழைத்து வந்து காட்டி, மதிப்பீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தைத் திறங்கள்.

ஒருவரே முழுத் தொகையையும் தருகிறேன் என்று வந்தாலும், எல்லா வீட்டிலிருந்தும் சிறிதாவது வாங்குங்கள். தெருமுனையில் துணி தேய்க்கும் அக்கா 200 ரூபாய் கொடுத்தார். "ரசீதில் என் பெயரைப் போடம்மா, அவர் பெயர் வேண்டாம்" என்றார். அந்த ரசீதை நெகிழித் தாளில் சுற்றித் தேய்ப்பு வண்டியின் இழுப்பறையில் இன்றும் வைத்திருக்கிறார்.

தொகையை ரொக்கமாக யாரிடமும் கொடுக்காதீர்கள். வங்கி வரைவோலையாகச் செலுத்தி, ஒப்புகை வாங்கி, நகலைக் கோப்பில் வையுங்கள். அதன்பின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று கோப்பு தன் வழியில் போகும். மாதம் ஒருமுறை போய் எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால் போதும். பங்குத் தொகை பாதியோ அதற்கு மேலோ இருந்தால் பணியைப் பணம் கட்டியவர்களே எடுத்துச் செய்யவும் இடமுண்டு. கட்டட வேலை தெரிந்தவர் உங்களுக்குள் இல்லாவிட்டால் அதில் இறங்காதீர்கள்.

வேலை நடக்கும்போது மதிப்பீட்டின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். ஒப்பந்ததாரர் ஆறு இருக்கைகளுக்குப் பதில் ஐந்து போட்டிருந்தார். முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதும் நாளில் நாங்களும் கூடவே நடந்து எண்ணிச் சொன்னதால், ஆறாவது இருக்கை அந்த வாரமே வந்தது.

பணம் கொடுத்தாலும் சொத்து நகராட்சியுடையது. ஆனால் தண்ணீர் ஊற்றுவதும் கதவு திறப்பதும் நம் வேலை என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் பூங்காவின் சாவி இரண்டு. ஒன்று நகராட்சியில். மற்றொன்று துணி தேய்க்கும் அக்காவிடம். காலை ஐந்தரைக்கு அவர்தான் திறக்கிறார்.