சாராவைக் கடலுக்கு அழைத்துப்போகும் நாள்: சேன்த்-மரி-த-லா-மேர் செல்ல ஒரு வழிகாட்டி

தெற்கு பிரான்சில் ரோன் ஆறு கிளை பிரிந்து மத்தியதரைக் கடலில் கலக்கும் சதுப்பு நிலம் கமார்க். அதன் கடலோர ஊர்தான் சேன்த்-மரி-த-லா-மேர். ஊர்க்காரர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். மே மாதக் கடைசியில் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் ரோமா (ஜிப்சி) குடும்பங்கள் கேரவன்களில் வந்து சேரும்போது ஊர் பல மடங்கு பெருத்துவிடும். மே 24 அன்று ரோமா மக்கள் தங்கள் காவல் புனிதையாக வணங்கும் சாராவின் சுரூபத்தைக் கடலுக்குத் தூக்கிச் செல்லும் பவனி. மே 25 இரண்டு மரியாள்களின் பவனி; இயேசு காலத்து மரி யாக்கோபேயும் மரி சலோமேயும் படகில் இங்கே கரையேறினார்கள் என்பது மரபு. எந்தக் கிழமையில் வந்தாலும் இந்தத் தேதிகள் மாறாது.

முதலில் காலண்டரைப் பாருங்கள். பெந்தகோஸ்து ஞாயிறு ஈஸ்டரைப் பொறுத்து நகரும், அதற்கு மறுநாள் பிரான்சில் விடுமுறை. அது திருவிழாவோடு சேர்ந்துகொண்டால் உல்லாசப் பயணிகளும் குவிவார்கள். 2026இல் மே 24 பெந்தகோஸ்து ஞாயிறாகவே விழுகிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் தங்குமிடத்தை ஆறு மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க நேர்காணல் தேதி கிடைப்பது கடினம், அதனால் பிப்ரவரியிலேயே முடித்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும்.

ஊருக்கு ரயில் கிடையாது. ஆர்ல் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும், ஏறத்தாழ ஒரு மணி நேரம். மார்சேயிலிருந்து ஆர்லுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அவிஞ்ஞோனிலிருந்து இன்னும் குறைவு. பலர் மாட்டிக்கொள்வது திரும்பும் பேருந்தில்தான். கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும், பவனியோ பின்மதியத்தில் நடக்கும். நேரத்தை முன்கூட்டியே பார்க்காமல் வந்தால் 40 கிலோமீட்டருக்கு டாக்சிக் கூலி கொடுக்க நேரிடும். காரில் வருகிறவர்கள் ஆர்லிலிருந்து வரும் டி570 சாலை காலையிலேயே நெரியும் என்று எதிர்பாருங்கள். எக்-மோர்த் பக்கமிருந்து வந்தால் சின்ன ரோனைக் கடக்க இலவசப் படகுத்துறை ஒன்று உண்டு. ஊருக்குள் பல தெருக்களும் வாகன நிறுத்தங்களும் மூடப்பட்டிருக்கும். வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள்.

ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள். மே 23 இரவும் 24 இரவும் ஊரிலோ அருகிலோ தங்குங்கள். காரணம் இதுதான்: 24ஆம் தேதி பிற்பகல் தேவாலயத்துக்குள் ஒரு சடங்கு, அது முடிந்த கையோடு கடலுக்குப் பவனி. இரண்டையும் ஒருசேர நன்றாகப் பார்க்க முடியாது.

உள்ளே நடப்பது திருப்பண்டப் பேழை இறக்கம், அதாவது இரு மரியாள்களின் எலும்புகள் என்று நம்பப்படுபவை இருக்கும் பேழையை இறக்குவது. பீடத்துக்கு மேலே உயரத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அதன் திறப்பிலிருந்து வண்ணம் தீட்டிய மரப்பேழையைக் கயிற்றில் கட்டி மெல்ல மெல்ல இறக்குவார்கள். கயிறு நெடுகப் பூங்கொத்துகள். கீழே நிற்பவர்கள் மெழுகுதிரிகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். கைக்கு எட்டும் உயரத்துக்குப் பேழை வந்ததும் அதைத் தொட்டுவிடக் கைகள் நீளும், குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார்கள். இதைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே உள்ளே போய் நிற்க வேண்டும். ஆனால் வெளியே வரும்போது பவனியின் வால்தான் கிடைக்கும்.

எங்கள் பரிந்துரை: 24 அன்று கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் பிற்பகல் அதே பேழையை மேலே ஏற்றும் சடங்குக்குத் தேவாலயத்துக்குள் போங்கள். அதற்குள் பல குடும்பங்கள் கிளம்பத் தொடங்கியிருக்கும். 25 காலைத் திருப்பலிக்குப் பிறகு, சிறிய படகில் நிற்கும் இரு மரியாள்களின் சுரூபமும் கடலுக்குப் போகும். சரியான நேரங்களைத் தேவாலயப் பங்கின் அறிவிப்பில் அந்த ஆண்டுக்கென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில், பவனி மணலில் இறங்கும் இடத்துக்கு நேரே நிற்காதீர்கள். அங்கே நெரிசல் மிகுதி, வெள்ளைக் குதிரைகளில் வரும் கார்தியான்கள், அதாவது கமார்க் மாடு மேய்ப்பர்கள், நீருக்குள் இறங்கி அணிவகுக்கும்போது உங்கள் பார்வை மறையும். கொஞ்சம் தள்ளி முழங்கால் தண்ணீரில் நின்றால் சுரூபமும் குதிரைகளும் ஒன்றாகத் தெரியும். வார் வைத்த செருப்பு போடுங்கள், போனுக்குத் தண்ணீர் புகாத உறை வாங்குங்கள். குதிரைகளின் பின்பக்கம் போகவே கூடாது.

தேவாலயத்தில் சாராவின் சுரூபம் இருக்கும் நிலவறைக்கு 23ஆம் தேதியே போய்விடுங்கள். கூரை தாழ்வு, நூற்றுக்கணக்கான மெழுகுதிரிகளின் வெக்கை முகத்தில் அறையும். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் விடியற்காலையில் போவது நல்லது. சாராவுக்கு ஆடை சாத்துவது நேர்த்திக்கடன். ஒன்றன்மேல் ஒன்றாக மேலாடைகள் சேர்ந்து, கடைசியில் கறுத்த சின்ன முகம் மட்டுமே தெரியும். ரோமா மக்களுக்கு இவள் சாரா லா காலி, கறுத்த சாரா. 'காலி' அவர்களுடைய ரோமானி மொழிச் சொல். அந்த மொழியின் வேர் வட இந்தியாவில் இருப்பதால் சொல் நமக்குப் பழகியதாக ஒலிக்கிறது. அதற்காகச் சாராவே காளி என்று அங்கே போய் வாதிட வேண்டாம், அதற்கு ஆதாரம் இல்லை.

இது அவர்களுடைய வழிபாடு. 1935 முதல்தான் சாராவுக்குத் தனிப் பவனி நடக்கிறது, ஃபோல்கோ த பாரோன்செல்லி என்ற மார்க்கியின் (பிரபுவின்) முயற்சியால். நெருக்கத்தில் படம் எடுக்கும் முன் கேளுங்கள், குழந்தைகளையும் கேரவன்களின் உட்புறத்தையும் எடுக்கவே வேண்டாம். ஞானஸ்நானம் நடந்தால் விலகி நில்லுங்கள். 'வீவ் சேன்த் சாரா!' (புனித சாரா வாழ்க!) என்று கூட்டம் முழங்கும்போது சேர்ந்து சொல்வதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. ஊரின் பெயர்போன குழம்பு கார்தியான் த தோரோ, அது காளை மாட்டிறைச்சி. தெலீன் என்பது பூண்டும் பார்ஸ்லியும் போட்டுச் சமைக்கும் பொடி மட்டி. கமார்க்கிலேயே நெல் விளைவதால் சோறு கிடைக்கும், ஆனால் சைவ உணவு கிடைப்பது கடினம். பகல் இரண்டு மணிக்குப் பல சமையலறைகள் மூடிவிடும், அதனால் 24 அன்று ரொட்டி, பழம், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

சதுப்பு நிலம் என்பதால் பொழுது சாயும்போது கொசு மொய்க்கும். களிம்பும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். மிஸ்ட்ரல் என்ற பலத்த வடகாற்று வீசினால் வெயிலிலும் குளிரும், மணல் கண்ணில் அடிக்கும், குடை உதவாது. காற்றைத் தடுக்கும் மேல்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

மே மாதம் வர இயலாதவர்களுக்கு அக்டோபர் 22க்கு அருகிலுள்ள ஞாயிறன்று மரி சலோமேயின் திருவிழா இருக்கிறது. பேழை இறக்கமும் கடலுக்குப் பவனியும் அப்போதும் உண்டு. அறையும் எளிதாகக் கிடைக்கும்.