16 ஜிபி ரேம் போட்டும் 8தான் காட்டுகிறதா?

புது ரேமை மாட்டி ஆன் செய்து பார்த்தால் பாதிதான் காட்டுகிறது என்றதும் ரேம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய்ப் பாருங்கள். ஆன் ஆகும்போதே டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான மதர்போர்டுகளில் உள்ளே போய்விடலாம். அங்கே 16 ஜிபி முழுசாகத் தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு விண்டோஸ் பக்கம். அங்கேயும் 8தான் என்றால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபியைத் தாண்டாது, அதிலும் கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கு முகவரி ஒதுக்கியது போக 3 சொச்சம்தான் கைக்கு வரும். 64 பிட்டைப் புதிதாக நிறுவுவது தவிர வேறு வழியில்லை. பழைய விண்டோஸ் 7 ஹோம் பேசிக் என்றால் 64 பிட்டிலும் 8 ஜிபியோடு நின்றுவிடும்.

அப்புறம் எம்எஸ்கான்ஃபிக், விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்பதை மாற்றும் கருவி. அதில் பூட் டேபுக்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்தால் மேக்ஸிமம் மெமரி என்று ஒரு கட்டம் இருக்கும். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் டிக் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அது ரேமைக் கூட்டாது, இதற்கு மேல் தொடாதே என்று விண்டோஸுக்கு வரம்பு போடும், அவ்வளவுதான். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்று சில நூறு எம்பி காட்டினால் பயப்பட வேண்டாம், ஆன்போர்டு கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும் பங்கு அது.

சரி, பயாஸிலேயே பாதிதான் தெரிகிறதா? பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள், டக்கென்று சத்தம் வர வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும். அது பூட்டிக்கொண்டதால் உட்கார்ந்துவிட்டது என்று நினைப்போம், மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் ஏ2, அதாவது பிராசஸரிலிருந்து இரண்டாவது. இரண்டு ரேமும் அங்கே வேலை செய்து, வேறொரு ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் தெரியவில்லை என்றால் உடனே போர்டைக் குறை சொல்லாதீர்கள். ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் இருப்பது பிராசஸருக்குள்ளே. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலர் ஸ்க்ரூ ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தாலும் ஒரு சேனல், அதாவது பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான ஒரு பாதை, முழுசாகக் காணாமல் போகும். என் கம்ப்யூட்டரில் இதே கதைதான். கூலரைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியதும் மீதி 8 ஜிபி வந்துவிட்டது.

போர்டு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதையும் மேனுவலில் பாருங்கள், பயாஸ் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். முழுசாகத் தெரிய ஆரம்பித்த பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். அதில் எரர் வந்தால் தனித்தனியாகச் சோதித்து, எந்த ரேமோ அதை வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.